எண்ணூற்று நாற்பது மணி நேர ஜவஹர்

எங்கள் கல்லூரியில் முதுகலை உளவியல் படிக்கிறவர்கள் இரண்டாம் ஆண்டில் போதை மீட்பு ஆலோசகர் பயிற்சி முடித்தாக வேண்டும். வகுப்பு அறுபது மணி நேரம், நேரடி ஆலோசனை நாற்பது மணி நேரம். இரண்டும் முடித்தால் சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவரை எந்த மீட்பு மையமும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளாது. சிகிச்சைக்குப் போனால் மட்டும் சேர்த்துக்கொள்ளும்.

கல்லூரி இருப்பது மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: 'இது போதையற்ற வளாகம்.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று எழுதியிருக்கும்.

முதல் வகுப்பிலேயே தீபிகா எழுந்து, அப்படியானால் நாற்பது மணி நேரம் யாருக்கு ஆலோசனை சொல்வது என்று கேட்டாள். துறைத் தலைவர் டாக்டர் சந்திரிகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தீயணைப்புப் பயிற்சிக்காக நாம கல்லூரியைக் கொளுத்தறோமா, தீபிகா? நாம போதைக்கு எதிரானவங்க. போதைக்காரங்களை உள்ள விட்டுட்டா, அப்புறம் வெளியில நிக்கிற யாருக்கு எதிரா நாம இருக்கறது?"

எல்லோரும் கை தட்டினோம். தீபிகாவும் தட்டினாள்.

பயிற்சியை நடத்தியவர் பேராசிரியர் விஜயராகவன். பதினேழு வருடமாக இந்தப் பாடத்தை எடுப்பவர். இருநூற்றுப் பதினான்கு ஸ்லைடுகள் வைத்திருந்தார். ஏக்கம் என்றால் என்ன என்பது நாற்பதாவது ஸ்லைடு. அது சரியாகப் பதினொரு மணிக்கு வரும். அந்த நேரத்தில் காபி வராவிட்டால் அவரால் நாற்பத்தொன்றாவது ஸ்லைடுக்குப் போக முடியாது. அட்டெண்டர் காபியோடு படியேறும் சத்தம் கேட்கும்வரை ஏக்கத்திலேயே நிற்போம். தன்னுடைய ஆத்துல காபி தவிர எந்தப் பழக்கமும் கிடையாது என்று அவர் அடிக்கடி சொல்வார்.

அறுபது மணி நேரத்தில் உறுதிமொழி எடுத்தோம், வாசகப் போட்டி நடத்தினோம், போதை ஒழிப்புக் கோலம் போட்டோம். பெசன்ட் நகர் கடற்கரையில் மனிதச் சங்கிலியாக நின்றோம். சுண்டல் விற்பவர் தாண்டிப் போவதற்காகச் சங்கிலி இரண்டு முறை அறுந்தது. அதற்குப் பிறகுதான் நேரடி ஆலோசனை. உண்மையான ஆட்கள் வர முடியாது என்பதால் நாங்களே பயனாளிகளாக நடிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. நோயாளி என்று சொல்லக்கூடாது, அது மனத்தைப் புண்படுத்தும். யாருடைய மனத்தை என்பது ஸ்லைடில் இல்லை.

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். தீபிகாவுக்குக் கஞ்சா வந்தது. அவள் மேசையில் தலையைச் சாய்த்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு என்பதால் நிஜமாகவே தூங்கிவிட்டாள். எனக்குப் புகையிலை. துப்ப இடம் தேடினேன் என்று நடத்தை விதியின்படி இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள். அஃப்ராவுக்கு வந்த சீட்டில், 'ஆண், வயது 45, மது, பதினெட்டு ஆண்டுகள்' என்று இருந்தது.

அஃப்ரா ராயப்பேட்டைப் பெண். வகுப்பில் அவள் குரலை அதிகம் கேட்டதில்லை. அன்று போட்டிருந்த முக்காடு விலகாமல் நாற்காலியின் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். தரையைப் பார்த்தாள்.

"பேரு ஜவஹர், மேடம். ஆட்டோ ஓட்றேன். இன்னிக்குக் குடிக்கல. நேத்து குடிச்சதுகூட குடிச்ச மாதிரியே இல்ல."

பதினேழு வருட அனுபவமுள்ள விஜயராகவன் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இப்படியா பேசுவா அவாள்லாம்?"

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஆணை ஒட்டியிருந்தது. பயிற்சியின் தரத்தை முன்னிட்டு அஃப்ரா இந்தக் கல்வியாண்டின் நிரந்தரப் பயனாளியாக நியமிக்கப்படுகிறார்.

ஜனவரியிலிருந்து நாங்கள் அவளைத் திருத்த ஆரம்பித்தோம். மீதியிருந்த இருபத்தொரு பேரையும் மூன்று அணியாகப் பிரித்திருந்தார்கள். ஒரு அஃப்ராவைச் சுற்றி ஏழு ஆலோசகர்கள் உட்கார்ந்து, "அப்போ உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று வரிசையாகக் கேட்போம். ஒரு மணி நேரம் முடிந்ததும் ஏழு பேர் பதிவேட்டிலும் அவள் ஜவஹர் என்று கையெழுத்துப் போடுவாள். அவளுடைய அப்பா அப்துல் கய்யூம் கல்யாணப் பத்திரிகைக்குக் கையால் எழுத்து வரைந்து அச்சடிப்பவர். அந்தக் கை இவளுக்கும் வாய்த்திருந்தது. 'ஜ'வுக்கு ஒரு சுழி, கடைசி 'ர்' முடிந்ததும் அடியில் இழுத்த ஒரு கோடு. குடித்தவர் போட்ட கையெழுத்து மாதிரியே இருக்காது. அதை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

கையேட்டின்படி குடியிலிருந்து மீள ஆறு நிலைகள். மறுப்பு, யோசனை, முடிவு, செயல், சறுக்கல், மீட்சி. ஒவ்வொன்றுக்கும் வாரங்கள் ஒதுக்கி அட்டவணை போட்டிருந்தார்கள். அணிகள் வேறு வேறு நாளில் தொடங்கியதால் காலை ஒன்பது மணிக்கு எங்கள் அணியில் அஃப்ரா குடிப்பதையே மறுப்பாள். பத்தரைக்கு அடுத்த அணியில் குடியை விட முடிவெடுப்பாள். மதியம் மூன்றாவது அணியில் சறுக்கி விழுந்து அழுவாள். பிப்ரவரியில் ஒரு நாள் அறை மாறிவிட்டது போலிருக்கிறது. மறுப்பு நிலையில் இருந்த எங்களிடம் வந்து, தான் திருந்தி பத்து நாளாகிறது என்று சொல்லிவிட்டாள். கால அட்டவணைக்கு முன்பாகவே திருந்தியதற்கு விளக்கம் கேட்டு துறையிலிருந்து கடிதம் வந்தது. கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்து மறுபடி குடிக்க ஆரம்பித்தாள்.

மார்ச் கடைசியில் மூன்று அணிகளும் அவளைக் குணமாக்கி முடித்தோம். ஆளுக்கு நாற்பது என்று எண்ணூற்று நாற்பது மணி நேரம் ஆலோசனை பெற்ற குடிகாரர் ஒருவர் எங்கள் துறைக் கோப்பில் உருவாகியிருந்தார். சந்திரிகா மேடம் அந்தக் கோப்புக்குப் பச்சை அட்டை போட்டு வைத்தார்.

அப்போதுதான் அஃப்ரா தன் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். அவள் ஆலோசனை சொன்ன நேரம் பூஜ்யம். எல்லா நாளும் எதிர் நாற்காலியில் இருந்திருக்கிறாள்.

அவளுக்கு வேளச்சேரியில் ஒரு மீட்பு மையம் வேலை கொடுத்திருந்தது. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். மே முப்பதாம் தேதி மாலை ஆறு மணிக்குள் அசல் சான்றிதழைக் காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவள் விஜயராகவன் சாரிடம் ஓடினாள். பயனாளியாக இருந்த அனுபவம் போதாதா என்று கேட்டாள். அனுபவம் வேறு, மணி வேறு என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். யோசித்து ஒரு வழியும் சொன்னார். இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டு, மாறி மாறி உட்கார்ந்து, அவளுக்கு அவளே ஆலோசனை சொல்லலாம்.

மூன்று நாள் செய்தாள். நான்காம் நாள் மதிப்பீடு வந்தது. ஆலோசகர் நன்றாகச் செய்கிறார். ஆனால் ஆலோசகருக்கும் பயனாளிக்கும் இடையில் தனிப்பட்ட உறவு இருப்பது தெரியவருகிறது, இது தொழில் அறத்துக்கு எதிரானது. மூன்று மணி நேரமும் ரத்து.

அன்று மாலை கல்லூரி வாசல் ஸ்டாண்டிலிருந்து வழக்கம்போல ஆட்டோவில் ஏறினாள். ஓட்டியவர் பெயர் ஜவஹர். ஆமாம், அவரேதான். இரண்டு வருடமாக அவளை ராயப்பேட்டைக்குக் கொண்டுபோய் விடுகிறவர். சீட்டு எடுத்த அன்று நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளுக்கு வேறு பெயரோ வேறு பேச்சோ தோன்றவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி மூன்று மாதமாக இருந்ததால் அன்று வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஜவஹர் அடுத்த சிக்னல் வரை ஓட்டினார். வண்டி நின்றதும் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நா உங்க காலேஜ்ல மூணு மாசமா உக்காந்துக்கினு கீறேன்."

"மன்னிச்சுக்கங்கண்ணா."

"அத்த வுடு பாப்பா. இன்னா ஆச்சு எனுக்கு? திருந்திட்டனா?"

"மூணு தடவை திருந்திட்டீங்கண்ணா. மார்ச் மாசத்தோட."

சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"எப்டி? நானும் பதினெட்டு வர்சமா பாக்றேன், ஆவல. அங்க இன்னா பண்ணாங்க?"

"ஏழு பேர் சுத்தி உக்காந்து எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

"அவ்ளோதானா?" ஜவஹர் வண்டியை நகர்த்தினார். கொஞ்ச தூரம் போனதும், "அத்த என்னாண்ட ஒரு தபா கேட்டுத்தான் பாரேன்" என்றார்.

மறுநாள் அவரைக் கல்லூரிக்கு அழைத்து வந்தாள். வாசலில் காவலர் வெள்ளைத்துரை ஊதும் கருவியோடு நின்றார். உள்ளே நுழைகிற எல்லோரும் ஊத வேண்டும். வெள்ளைத்துரையை யாரும் ஊதச் சொல்வதில்லை. அவர் உள்ளே நுழைவதில்லையே, வாசலிலேயே நிற்கிறார். முந்தின நாள் மாலை அவரும் ஜவஹரும் ஒரே மதுக்கடையில் அடுத்தடுத்த மேசையில் இருந்தவர்கள். அதைக் காட்டிக்கொள்ளாமல், "ஊது நைனா" என்றார். சிவப்பு எரிந்தது. ஜவஹரைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஜவஹர் ஒரு முழு நாள் குடிக்காமல் இருந்து மறுபடி வந்தார். கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதினார். பச்சை எரிந்தது. 'போதை இல்லை' என்று முத்திரை குத்திய அனுமதிச் சீட்டோடு சந்திரிகா மேடம் அறைக்குப் போனார். மேடம் சீட்டைப் பார்த்தார். போதை இல்லாதவருக்குப் போதை மீட்பு ஆலோசனை தருவதற்கு விதியில் இடமில்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"குடிச்சா கேட்ல நிறுத்துறீங்க, குடிக்கலன்னா இங்க நிறுத்துறீங்க. அப்ப நா எப்பதான் மேடம் வர்றது?" என்றார் ஜவஹர்.

பக்கத்திலிருந்த விஜயராகவன் சார், நல்ல கேள்வி, ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கலாம் என்று குறித்துக்கொண்டார்.

வழியைக் கண்டுபிடித்தவள் தீபிகா. கஞ்சா சீட்டுக்குப் பிறகு அவள் தூங்காமல் செய்த ஒரே காரியம் கையேட்டை முழுதும் படித்தது. விதி 31: தவிர்க்க முடியாத சூழலில் பயனாளியின் இருப்பிடத்திலேயே ஆலோசனை வழங்கலாம். அஃப்ரா விண்ணப்பம் எழுதினாள். பயனாளியின் பெயர் ஜவஹர், இருப்பிடம் ஆட்டோ. மேடம் பெயரை மட்டும் பார்த்தார். "ஜவஹர் நம்ம பயனாளிதானே" என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் பதினேழாம் தேதி தொடங்கினார்கள். தினமும் நான்கு மணிக்கு நாகேஸ்வர ராவ் பூங்கா ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஜவஹர் முன் சீட்டில் பின்பக்கம் திரும்பி உட்காருவார். அஃப்ரா பின் சீட்டில். அவர் ஆறு நிலைகள் எதையும் மதிக்கவில்லை. ஒரே மணி நேரத்துக்குள் மறுத்தார், முடிவெடுத்தார், மறுபடி மறுத்தார். அவளும் ஸ்லைடுகளை விட்டுவிட்டாள். எத்தனை மணிக்குக் குடிக்கத் தோன்றும் என்று கேட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, ஆறு மணிக்கு, என்றார். ஆறு மணிக்கு வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டாள். ராயப்பேட்டைப் பக்கம், கடை இருக்கிற சந்துக்கு. ஆறு மணிக்கு அடையாறு பக்கம் திருப்பினால் என்ன ஆகும்? ஜவஹர் யோசித்தார். யாராவது கை காட்டி ஏறுவார்கள் என்றார். அப்படியே செய்து பார்த்தார். பெரும்பாலான நாள் யாராவது கை காட்டினார்கள்.

பதினோராம் நாள் குடித்துவிட்டு வந்தார். அட்டவணைப்படி சறுக்கல் இருபத்தைந்தாம் நாள்தான். அன்று அவர் பின்பக்கம் திரும்பவே இல்லை. அஃப்ரா பதிவேட்டை மூடினாள்.

"வண்டி இங்கயே இருக்கட்டும், வீட்டுக்கு நடந்து போங்கண்ணா. நாளைக்கு நாலு மணிக்கு நான் இங்கதான் இருப்பேன்."

மறுநாள் அவள் போனபோது, தான் மூன்று மணியிலிருந்து உட்கார்ந்திருப்பதாக ஜவஹர் சொன்னார். குடித்த நாளை அவள் கணக்கில் எழுதவில்லை.

மே இருபத்தேழாம் தேதி நாற்பது மணி நேரம் முடிந்தது. நாற்பது வரியிலும் ஜவஹர் கையெழுத்துப் போட்டிருந்தார். குட்டி குட்டியாக, ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும் கையெழுத்து. வீட்டில் அவர் மனைவி புஷ்பம் தினமும் வாசலிலேயே நிறுத்தி ஊதச் சொல்வாளாம். நான்கு நாளாகக் கேட்பதில்லையாம்.

இருபத்தெட்டாம் தேதி அஃப்ரா பதிவேட்டைக் கொடுத்தாள். விஜயராகவன் சார் பச்சை அட்டைக் கோப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அவர் முகம் மாறியது. கோப்பில் இருக்கும் ஜவஹரின் கையெழுத்தும் இந்தக் கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை. இது போலி.

ஒரு மணி நேரத்தில் விசாரணைக் குழு கூடியது. மேடம், சார், அலுவலகக் கண்காணிப்பாளர் சரோஜாதேவி அம்மாள். வகுப்பிலிருந்து நாங்களும் போய் ஓரமாக நின்றோம். ஜவஹரைக் கூப்பிட்டார்கள். பச்சை எரிந்தும் வெள்ளைத்துரை இரண்டாம் முறை ஊதவைத்தார். எதற்கு என்று கேட்டதற்கு நம்ப முடியவில்லை என்றாராம்.

சார் வாய்மொழித் தேர்வு நடத்தினார். ஏன் குடிக்க ஆரம்பித்தீர்கள்? "தெர்ல சார்." குழந்தைப் பருவத்தில் ஏதாவது காயம்? "முட்டில ஒண்ணு கீது சார், சைக்கிள்லேர்ந்து வுழுந்தேன்." சார் கோப்பைப் புரட்டிக் காட்டினார். அதில் ஜவஹர் தன் குழந்தைப் பருவத்தைப் பற்றி பதினொரு பக்கம் சொல்லியிருந்தார், எல்லாம் எண்பத்தேழாவது ஸ்லைடோடு பொருந்தியது. இவரிடம் இயல்புத்தன்மை குறைவு என்று சார் எழுதினார். ஜவஹர் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதில் அவர் படமும் அந்தக் கோணல் கையெழுத்தும் இருந்தன.

"அது போக்குவரத்துத் துறை. அவங்க விதி வேற" என்றார் மேடம். பிறகு எங்கள் எல்லோருக்கும் புரியும்படி நிதானமாக விளக்கினார். "ஒரு பக்கம் எண்ணூத்தி நாற்பது கையெழுத்து இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி, துறைத் தலைவர் மேலொப்பத்தோட. இன்னொரு பக்கம் வெறும் நாற்பது. எது உண்மையான ஜவஹர்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இந்தத் துறைக்கு உண்மைதான் முக்கியம்."

வெளியே வந்ததும் விஜயராகவன் சார் பின்னாலேயே வந்தார். நல்ல மனிதர். தூண் மறைவில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"புதுசா ஒரு பதிவேடு எடுத்துக்கோம்மா. நீயே பழையபடி போட்டுக் குடுத்துடு. கையெழுத்து ஒத்துப்போறதான்னுதான் பார்ப்போம். யார் போட்டாங்கறதுக்கு ஃபாரத்துல இடமே கெடையாது."

அஃப்ரா தலையாட்டவில்லை. "அப்போ அவர் இல்ல சார், நான் போட்டேன். இப்ப அவர் இருக்காரே."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு மணி ஆகியிருந்ததால் காபிக்குப் போனார்.

அஃப்ராவோடு நானும் ஆட்டோவில் ஏறினேன். வேளச்சேரிக்குப் போன் செய்து வர முடியாது என்று சொல்லிவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். நான் அவளை நாற்பது மணி நேரம் குணமாக்கியவன், பழக்கத்தில் உனக்கு எப்படி இருக்கு என்று கேட்டேன். ஜவஹர்தான் கோப்பிலிருந்த அந்தக் கையெழுத்தை ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டாள். அவர் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எம்பேரு இவ்ளோ ஷோக்கா இருக்குமா? குடு பாப்பா, நானே கத்துக்கறேன்."

அன்று மாலையும் மறுநாள் மாலையும் பூங்கா ஓரத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். 'ஜ'வின் சுழி வரவில்லை. வந்தபோது கோடு கோணியது. நாக்கு பல்லிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளும் ஆறு மணி வாக்கில் அவருடைய கூட்டாளி ஒருவர் வண்டியை ஓரம் கட்டி, வரவில்லையா என்று கேட்டார். ஜவஹர் தலை நிமிராமல், "போய்க்கினே இரு மச்சி, ஹோம்வொர்க் கீது" என்றார்.

முப்பதாம் தேதி மதியம் மூன்று மணிக்குக் குழு மறுபடி கூடியது. புதிய பதிவேட்டில் நாற்பது கையெழுத்து. சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சரோஜாதேவி அம்மாள் ஸ்கேல் வைத்து அடிக்கோட்டை அளந்தார். குழு முன்னிலையில் இன்னொன்று போடச் சொன்னார்கள். ஜவஹர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். சுழி, கோடு, எல்லாம் இருந்தன.

"இதுதான் ஜவஹர்" என்றார் மேடம், நிம்மதியாக. "இதை முதல்லயே போட்டிருந்தா எல்லாருக்கும் நேரம் மிச்சம்."

ஜவஹர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "வர்றதுக்கு நாளாச்சு மேடம்."

முத்திரை தேடுவதில் அரை மணி நேரம் போயிற்று. சான்றிதழில் அஃப்ராவின் பெயர் சரியாகத்தான் இருந்தது. நாலரைக்குக் கிளம்பினோம். அடையாறு பாலத்தில் நெரிசல். ஜவஹர் சந்து சந்தாகப் புகுந்து ஐந்து நாற்பதுக்கு வேளச்சேரி மையத்தின் வாசலில் நிறுத்தினார்.

உள்ளே மேசையில் இருந்த அம்மாள் சான்றிதழை வாங்கினார், படிக்காமல் ஒரு கவரில் போட்டார். திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு வரவேண்டும், உள்ளே பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள், இரண்டு பேர் நேற்றுத்தான் வந்தார்கள், இன்னும் யாரிடமும் பேசவில்லை என்றார். அஃப்ரா அவர்கள் பெயரைக் கேட்டுக்கொண்டாள்.

வாசலில் பார்வையாளர் பதிவேடு வைத்திருந்தார்கள். காவலர் பேனாவை நீட்டி ஜவஹரை மேலும் கீழும் பார்த்தார். "பேஷண்டா, ஸ்டாஃபா?"

"டிரைவர்" என்றார் ஜவஹர். குனிந்து தன் பெயரை எழுதினார். குட்டி குட்டியாக, ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு. காவலர் அதை எதோடும் ஒப்பிடவில்லை.